சந்தவாசலில் மவுஸ் விற்ற காலம்

மிக்ஸி விற்பவர் ஒரு பிடி வேர்க்கடலையைப் போட்டு அரைத்துக் காட்டிவிடலாம், மோட்டார் விற்பவர் தண்ணீர் இறைத்துக் காட்டிவிடலாம். வயர்லெஸ் மவுஸ் விற்பவருக்கு மட்டும் காட்டுவதற்கு ஒன்றுமே கிடையாது. அட்டைப் பெட்டிக்குள் ஒரு கறுப்பு உருண்டை இருக்கும். அமுக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். மீதியெல்லாம் வாய்தான்.

அந்த வாயை வைத்துக்கொண்டு ஜவ்வாது மலை அடிவாரத்தில், சந்தவாசலில், சில வருஷம் நான் மவுஸும் கீபோர்டும் விற்றேன். நீங்களும் எங்காவது ஒரு கண்ணாடி மேஜைக்குப் பின்னால் நின்று, "இதுக்கும் அதுக்கும் இன்னா வித்தியாசம்?" என்ற கேள்விக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றப் பதில் சொன்னவராக இருந்தால் நாம் சொந்தக்காரர்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டவராக இருந்தாலும் பரவாயில்லை, உங்களைப் போன்றவர்களால்தான் எனக்கு இத்தனை கதை சேர்ந்தது. இப்போது வேலூரில் குடும்பம், குழந்தை என்று இருக்கிறேன். ஆனாலும் மத்தியானம் வேலை ஓய்ந்து உட்கார்ந்தால் மனசு நேராக அந்தக் கடைக்குத்தான் போகிறது.

வயர் இல்லாத சாமான்

கடை என்னுடையது இல்லை, கோபாலண்ணனுடையது. ஊரில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவர் கோபாலண்ணன்தான். என் அப்பாவும் அப்படித்தான் கூப்பிடுவார், நானும் அப்படித்தான். மோட்டார், ஸ்டார்ட்டர், பைப், ஸ்விட்ச், கட்டுக்கட்டாக வயர் என்று கிணற்றுக்கும் வீட்டுக்கும் வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். ஆரணியில் பி.சி.ஏ. முடித்துவிட்டு வேலை எதுவும் அமையாமல், அவர் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஊரடங்கு வந்து பள்ளிக்கூடமும் ஆபீசும் வீட்டுக்குள் நுழைந்த சமயம் அது. "மவுஸு கீதாம்மா?" என்று மோட்டார் கடையில் வந்து கேட்டுவிட்டு வெறுங்கையோடு போகிறவர்களைப் பார்த்து எனக்குக் கை அரித்தது. வாசலோரம் இருந்த கண்ணாடி அலமாரியைக் கொடுங்கள் என்று கேட்டேன்.

கோபாலண்ணன் யோசித்தார். ஆடி மாதம் படவேட்டு அம்மன் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். அந்த அலமாரியில் பொம்மையும் டார்ச் லைட்டும் வைத்தால் கண் மூடித் திறப்பதற்குள் விற்றுவிடும். அதனால், ஆடி வரைக்கும் வைத்துப் பார், போணியாகவில்லையென்றால் அலமாரியைக் காலி செய்துவிடு என்றார். அதோடு முடியவில்லை. அவர் மகன் படிப்பை முடித்துவிட்டு வரப்போகிறான், பில் போட அவனே போதும். ஆக, அலமாரி போனால் எனக்குக் கடையே போன மாதிரி. அப்புறம் மிச்சம் இருப்பது ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனி வேன் ஒன்றுதான். அந்த வேலையில் குறை ஒன்றுமில்லை, எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் அதில்தான் வீட்டை நிமிர்த்தினார்கள். ஆனால் நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு தோலுக்குப் பசை தடவுவது என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது.

முதல் சரக்கு வேலூரிலிருந்து வந்த அன்று கோபாலண்ணன் ஒரு பெட்டியைப் பிரித்து, மவுஸை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, பெட்டியைக் கவிழ்த்து உதறிப் பார்த்தார். மீட்டர் கணக்கில் வயர் அளந்து விற்ற மனிதர். வயர் இல்லாமல் ஒரு சாமான் வேலை செய்யும் என்பதை அவர் மனசு ஏற்கவில்லை. பெட்டிமேல் போட்டிருந்த விலையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "வயரே இல்லன்ற, வெலையப் பாத்தா வயரையும் சேத்துப் போட்ட மாதிரி கீதே?"

ஜீப் இறங்கிவிட்டது

மலையிலிருந்து சுற்றிக்கொண்டு இறங்கும் ஷேர் ஜீப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. வந்த எல்லாருடைய வேலையும் முடிந்தால்தான் திரும்பக் கிளம்பும். அதனால் ஒருவருக்கு மவுஸ் வேண்டுமென்றால் ஜீப்பே கடைக்குள் வந்துவிடும். முதல் தடவை எனக்கு இது தெரியாது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர் மவுஸ் கேட்டார். நான் பெட்டியை எடுத்துத் திரும்புவதற்குள் சாமை விற்க வந்தவர், மருந்து வாங்க வந்தவர், சம்பந்தி வீட்டுக்கு வந்த அம்மா என்று அலமாரியைச் சுற்றி ஆட்கள் நின்றுவிட்டார்கள்.

மவுஸ் வாங்கும்போது கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று நான் எல்லாருக்கும் சொல்வேன். உள்ளங்கை பெரிதாக இருந்தால் மவுஸின் முதுகு உயரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சாயங்காலத்துக்குள் மணிக்கட்டு வலிக்கும். இதை அந்தத் தம்பிக்குத்தான் சொன்னேன். ஆனால் எல்லாரும் வரிசையாகக் கை வைத்துப் பார்த்தார்கள். கறுப்பு வேண்டாம், வீட்டுக்குள் தெரியாது என்றார் ஒருவர். வெள்ளை அழுக்காகும் என்றார் இன்னொருவர். சம்பந்தி வீட்டம்மா நீலத்தை எடுத்துத் தம்பியின் கையில் வைத்து, உன் நிறத்துக்கு இதுதான் எடுப்பு என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். தம்பி பாவம், பணம் கொடுப்பதைத் தவிர வேறு எதிலும் வாய் திறக்கவில்லை.

வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டுநர் ஏழுமலை பொறுமை இழந்து உள்ளே வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, அலமாரியை ஒரு நோட்டம் விட்டு, கையை நீட்டினார்: "சீக்கிரம் ஆவட்டும்மா, எனக்கும் ஒன்னு காட்டு, லேப்டாப்ப அப்பறமா வாங்கிக்கிறேன்."

காலண்டர் அட்டை

வயர்லெஸ் மவுஸில் பாதிப் புகார் மவுஸைப் பற்றியதே அல்ல, அது ஓடும் இடத்தைப் பற்றியது. பக்கத்து ஊர் வாத்தியார் ஒருவர் வந்து, அம்பு திரையில் நிற்காமல் குதிக்கிறது, வேறு கொடு என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றார். வீட்டில் எதன்மேல் வைத்து ஓட்டுகிறீர்கள் சார் என்று கேட்டேன். கல்யாணத்துக்கு மச்சான் கொடுத்த கண்ணாடி டீப்பாய் என்றார், கொஞ்சம் பெருமையாகவே. கண்ணாடியில் ஓடாது சார், அடியில் இருக்கிற வெளிச்சம் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு பரப்பு வேண்டும், கெட்டியான அட்டை ஒன்று போட்டுப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். கோபாலண்ணன் பில் புத்தகத்துக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்த சாமான்களை அவர் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

ஒரு வாரம் கழித்து வாத்தியார் சைக்கிளில் போகிறவர் கடை முன்னால் இறங்கினார். மாற்றிக் கொடுக்க வேறு பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன். போன வருஷத்துத் தினசரிக் காலண்டரின் அட்டையைப் போட்டதாகவும், வெண்ணெய் மாதிரி ஓடுவதாகவும் சொன்னார். ஒரே ஒரு சங்கடம்தான் வந்ததாம், அதையும் அவரே தீர்த்துவிட்டாராம்: "முருகர் மேல போட்டு உருட்டாதன்னு வூட்ல சத்தம் போட்டா, திருப்பிப் போட்டுகினேன், இப்ப நான் வேலையப் பாக்கறேன், முருகர் டீப்பாயப் பாத்துகினு கீறாரு."

கடிகாரம் ஜெயித்தது

பென்சில் செல் ஒன்று போட்டால் மவுஸ் மாதக்கணக்கில் ஓடும் என்று நான் சொல்லித்தான் விற்பேன். ஒரு அம்மா பத்தே நாளில் வந்துவிட்டார். மகள் வீட்டிலிருந்தே ஆன்லைன் வகுப்பு எடுக்கிறாளாம், பாதியில் மவுஸ் நின்றுவிட்டதாம். அடி மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே செல்லே இல்லை. எங்கேம்மா போச்சு என்றேன். அந்த அம்மா கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் சொன்னார்: "சொவுத்து கடியாரம் நின்னுப்போச்சு கண்ணு, எட்டு மணி பஸ்ஸ வுட்டா அவங்கப்பாவுக்கு வேல போய்டும், மவுசு நின்னா இன்னா போய்டும்?"

மின்னாத கீபோர்டு

காவலூரில் மலைமேல் பெரிய தொலைநோக்கி இருக்கிறது அல்லவா, அங்கே வேலை பார்க்கும் ஒரு சாருக்கு மாமியார் வீடு சந்தவாசல். ஊருக்கு வந்த இடத்தில் கடைக்கு வந்தார். வயர்லெஸ் கீபோர்டு வேண்டும், குளிருக்குப் போர்த்திக்கொண்டு லேப்டாப்பிலிருந்து தள்ளி உட்கார்ந்து அடிக்கிற மாதிரி வேண்டும் என்றார். அலமாரியிலேயே விலை கூடின சரக்கை எடுத்து முன்னால் வைத்தேன். ஒவ்வொரு எழுத்துக்கு அடியிலும் ஒரு நிறத்தில் விளக்கு எரியும். இளசுகள் அதைப் பார்த்தால் கண் எடுக்க மாட்டார்கள். ஸ்விட்சைப் போட்டதும் அந்தச் சார் ஒரு அடி பின்வாங்கினார். அணையுங்கள் அணையுங்கள் என்றார், அடுப்பில் பால் பொங்கிவிட்ட மாதிரி.

அப்புறம்தான் விளக்கினார். இருட்டு கெட்டால் அவர்கள் வேலை கெட்டுவிடுமாம். அதனால் விளக்கே இல்லாத கீபோர்டுதான் வேண்டுமாம். காப்ஸ் லாக் போட்டால் எரியும் பொட்டு விளக்குக்கூடக் கூடாது. மவுஸும் வாங்கினார், ஒவ்வொன்றையும் கவிழ்த்து, கையால் மறைத்து, அடியில் சிவப்பு தெரிகிறதா என்று சோதித்தார். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் ஓடும் ரகம் ஒன்று இருந்ததால் பிழைத்தேன். விற்காமல் மூலையில் கிடந்த, அழகென்று எதுவுமில்லாத ஒரு சாம்பல் நிறக் கீபோர்டைப் புதையல் கிடைத்தவர் போல எடுத்துக்கொண்டார். போகும்போது, நான் முதலில் காட்டியதை நிராகரித்தது எனக்கு வருத்தமாக இருக்குமோ என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. நின்று சொன்னார்: "நட்சத்திர வெளிச்சம் எத்தனையோ காலமா நடந்து வந்துகிட்டிருக்கும்மா, அது வந்து சேர்ற நேரம் பார்த்து என் கீபோர்டு மின்னக் கூடாது இல்லையா?"

சத்தம் வேண்டும்

சத்தமே வராத கீபோர்டு என்று ஒன்று வந்தது. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு நல்லது என்று சொல்லி விற்பேன். பத்திரம் எழுதும் பெரியவர் ஒருவருக்கும் ஆர்வக்கோளாறில் அதையே கொடுத்துவிட்டேன். அவர் டைப்ரைட்டரில் தொடங்கியவர், ஒவ்வொரு எழுத்தையும் ஆணி அடிக்கிற மாதிரி அடிப்பார். மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார். உடையவில்லை, எழுத்து நன்றாக விழுகிறது, விரலுக்கும் சுகம்தான், ஆனாலும் வேண்டாம் என்றார். பிறகு என்னதான் குறை என்று கேட்டேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எதிர்ல ஒக்காந்திருக்கறவனுக்கு டக்கு டக்குன்னு கேக்கணும்மா, இல்லன்னா நான் சும்மா வெரலாட்டிகினு கீறேன்னு நெனச்சிக்கிறான்."

மல்லிகாவின் விரல்

பங்குனி மாதம், புளி உடைக்கும் காலம். ஆடிக்கு இன்னும் சில மாதம்தான் பாக்கி. என் அலமாரி ஓடவும் இல்லை, படுக்கவும் இல்லை. அப்போது ஜீப்பிலிருந்து மல்லிகா இறங்கினாள். மலைக்கு அந்தப் பக்கம் நெல்லிவாசல்நாட்டில் பிறந்து, இந்தப் பக்கத்து மலை ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள். பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பைப் புடவைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஊரில் மகளிர் குழுக் கணக்கு வழக்கையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் தேடுகிறார்கள். இவளைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு, எனக்கு இது வராது என்று எழுந்து வந்துவிட்டாளாம். லேப்டாப்பை விற்றுவிடலாம், யாராவது எடுப்பார்களா என்று கேட்கத்தான் என்னிடம் வந்தாள்.

இன்னா வரல, காட்டு என்றேன். லேப்டாப்பைத் திறந்து, கீபோர்டுக்குக் கீழே இருக்கும் அந்தச் சதுரத்தில், டச்பேடில், விரலை வைத்து இழுத்தாள். அம்பு அசையவில்லை. அழுத்தி இழுத்தாள். கொஞ்சம் துள்ளி நின்றுவிட்டது. நான் இழுத்தேன். சொன்னபடி கேட்டது. அவள் என் விரலையும் தன் விரலையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அந்த விரலை நானும் தொட்டுப் பார்த்தேன். மாதக்கணக்கில் புளி உடைத்து, சாமை குத்தி, நுனித் தோல் காய்த்துப்போய் மரப்பட்டையாக இருந்தது. இப்படிக் காய்த்துக் காய்ந்த விரலைச் சில டச்பேடுகளுக்கு அடையாளமே தெரியாது. எனக்கு அதற்கு முன்னால் அது தெரியும், ஆனால் ஒரு பெண் அதனால் தன்னை மக்கு என்று நினைத்துக்கொண்டு வந்து நிற்பாள் என்று தெரியாது. கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை.

ஒரு மவுஸை எடுத்து, அதன் ரிசீவரை லேப்டாப்பில் செருகினேன். ரிசீவர் என்பது சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும் ஒரு சின்னத் துண்டு. மவுஸ் சொல்வதைக் கேட்டு லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். மவுஸை அவள் கையில் கொடுத்தேன். அம்பு திரையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் பறந்தது. அவள் சிரிக்கவில்லை. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். ஜீப் ஹாரன் அடித்தது, அவள் காதில் விழவில்லை. மவுஸைக் கையிலிருந்து விடாமலே என்னிடம் கேட்டாள்: "அப்ப லேப்டாப்புக்குத்தான் என் கை தெரியல, எனக்கு வேல தெரியாம இல்ல, அப்டித்தானக்கா?"

சிவப்பு, மஞ்சள், நீலம்

அந்த வேலை மல்லிகாவுக்கே கிடைத்தது. வேலை அதிகமாகி, கூட இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டாள். அவர்களை ஜீப்பில் கூட்டிவந்து, தன்னுடையதைப் போலவே, அதே கறுப்பு மவுஸை ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்தாள். வேறு நிறம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஒருத்திக்கு ஒன்று, இன்னொருத்திக்கு வேறு என்று வாங்குவது அவர்கள் ஊரில் வழக்கம் இல்லையாம். கோபாலண்ணன் முதல் தடவையாக என் அலமாரியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த சந்தை நாளிலேயே மூன்று பேரும் வந்து நின்றார்கள், மூன்று மவுஸோடும். மல்லிகா உட்கார்ந்திருந்தால் அம்பு தானாக ஓடுகிறதாம். இவள் அசைத்தால் அவள் திரையில் எழுத்து அழிகிறதாம். மூவரும் தனித்தனியாக வீட்டுக்குக் கொண்டுபோனால் ஒன்றும் வேலை செய்யவில்லையாம். "மூணும் ஒன்னா ரிட்டனா?" என்று கோபாலண்ணன் எழுந்து நின்றார். இனி என்ன பேசினாலும் எடுபடாது, அலமாரி போய்விட்டது என்றே நினைத்தேன். பெட்டியைப் பிரித்தவுடன் இன்னா பண்ணீங்க, ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்று மல்லிகாவைக் கேட்டேன். புதுச் சாமான் வந்தால் பூசை போடாமல் தொடுவார்களா? குழுக் கட்டடத்தில் ஒரே தாம்பாளத்தில் மூன்று மவுஸையும் ஒரு பக்கம் வைத்து, மூன்று ரிசீவரையும் இன்னொரு பக்கம் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டினார்களாம். மல்லிகாவின் பழைய மவுஸுக்கு மட்டும் பூசை இல்லாவிட்டால் குறையாக இருக்குமே என்று அதையும் கழற்றிக்கொண்டுவந்து சேர்த்தார்களாம். பூசை முடிந்து ஆளுக்கொரு மவுஸும் ஆளுக்கொரு ரிசீவருமாகக் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டார்கள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒவ்வொரு மவுஸும் தன்னோடு வந்த ரிசீவரிடம் மட்டும்தான் பேசும். இங்கே மூன்றும் அடுத்தவள் ரிசீவரிடம் பேசிக்கொண்டிருந்தன. கடை லேப்டாப்பில் ஒவ்வொன்றாகச் செருகி, எதற்கு எது ஜோடி என்று பிரித்துக் கொடுத்தேன். ஆனால் ஆயுத பூசை வரும், மறுபடி தாம்பாளம் வரும், மறுபடி கலக்குமே என்று விழித்துக்கொண்டு நின்றபோது, கோபாலண்ணன் உள்ளே போய், மோட்டாருக்குப் போகும் மூன்று கரண்ட் வயரையும் அடையாளம் வைக்கும் மூன்று நிற இன்சுலேஷன் டேப் எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு மவுஸுக்கும் அதன் ரிசீவருக்கும் சிவப்பு, அடுத்ததற்கு மஞ்சள், மூன்றாவதற்கு நீலம் என்று துண்டு துண்டாக வெட்டி, நகத்தால் நீவி ஒட்டினார். மல்லிகா, எங்க ஊர் ஆட்டுக்கு பெயிண்ட் வைக்கற மாதிரியே கீது என்று சொல்லிச் சிரித்தாள். கோபாலண்ணன் சிரிக்கவில்லை, தொழில்காரர் முகத்தோடு எனக்குச் சொன்னார்: "த்ரீ பேஸ்ல கலர மாத்திக் குடுத்தா மோட்டார் திருப்பிச் சுத்தும், இதுல பக்கத்து ஆளு சுத்தறான், அவ்ளோதான், இதுல இன்னா பெரிய வித்த கீது?"

ஆடி வெள்ளி

ஆனாலும் ஆடி வந்தது. சொன்னால் சொன்னதுதான் கோபாலண்ணனுக்கு. முதல் வெள்ளிக்கு முந்தின நாளே பொம்மையும் டார்ச் லைட்டும் இரண்டு பெரிய மூட்டையாக வந்து இறங்கின. காலையில் காலி செய்துவிடு என்றுகூட அவர் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவராக எடுத்து வெளியே வைப்பதைப் பார்க்க மனசில்லாமல், வெள்ளிக்கிழமை காலையில் கடையைத் திறந்ததும், இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, ஷூ கம்பெனிக்குப் போகும் எங்கள் தெரு அக்கா வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு அக்காவுக்கு விடுப்பு. ஆள் எடுக்கிறார்கள், திங்கட்கிழமை ஆதாரோடு வா, வேனில் எனக்குப் பக்கத்திலேயே இடம் போட்டு வைக்கிறேன் என்றார் அக்கா. நல்ல மனசு. சரிக்கா என்று சொன்னேன். திரும்பி நடக்கும்போது வழியெல்லாம் பம்பை மேளமும் கூழ் வாசனையும் மஞ்சள் புடவையுமாக இருந்தது. அந்தக் கூட்டத்தில் யாரும் பார்க்காமல் அழுதுகொண்டே வந்தேன்.

கடைக்குள் கால் வைத்தால், மூட்டை இரண்டும் கட்டுப் பிரிக்காமல் அப்படியே கிடக்கின்றன. அலமாரிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு கோபாலண்ணன் உட்கார்ந்திருக்கிறார். எதிரே, கோயிலுக்கு வந்த வெளியூர்ப் பெண் ஒருத்தி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு. அவள் கையில் விலை கூடின மவுஸ் இருக்கிறது, அதைக் கோபாலண்ணன் வாங்கித் திரும்ப உள்ளே வைக்கிறார். "பஸ்லயும் ரயில்லயும் எடுத்துகினு போவன்னு சொல்ற, உனுக்கு இது எதுக்கும்மா? தோ, இந்த சின்னத எடு, பையில குத்தாது. உன் போனுக்கும் லேப்டாப்புக்கும் ஒன்னே போதும்னா, இதுல ப்ளூடூத் கீது, ரிசீவரே வாணாம், தொலையாது பாரு." நான் ஒரு நாளும் அவருக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்ததில்லை. பில் புத்தகத்துக்கு மேலாக என்னை முறைத்துக்கொண்டிருந்தார் என்று நான் நினைத்த நாளெல்லாம் மனிதர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்தப் பெண் வாங்கிக்கொண்டு போனாள். நான் மூட்டையையும் அவரையும் பார்த்தபடி நின்றேன். அண்ணா, அலமாரி, என்று ஆரம்பித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், மூட்டைக் கட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "பொம்மைய வெளிய கயிறு கட்டித் தொங்கவுட்டாக்கூட விக்கும்மா, இத தொங்கவுட்டா, கேக்கறவனுக்கு யாரு பதில் சொல்றது? எங்க போய்ட்ட நீ, காலைல இருந்து எனுக்கு வாய் வலிக்குது."

அங்கே நான் விற்ற மவுஸெல்லாம் இந்நேரம் ஒவ்வொன்றாகச் செத்துப்போயிருக்கும், வாங்க வந்தவர்கள் பேசிவிட்டுப் போன பேச்சுக்கு மட்டும் இன்னும் வாரண்டி முடியவில்லை.